அல்-கிந்தி எண்ணிய எழுத்துகளும் நம் வீட்டுக் கிதாபுகளும்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் செல்லும் வழியில் உள்ள புதன்சந்தையில் மாட்டு வியாபாரம் நடக்கும் விதத்தைக் காணாதவர் நம் வட்டாரத்தில் குறைவு. விற்பவரும் தரகரும் எதிரெதிரே நிற்பர். தோளில் கிடந்த துண்டு இருவர் கைகளின்மீதும் விழும். துண்டுக்குள் விரல்கள் விரல்களைப் பற்றும், விடும், மீண்டும் பற்றும். சுற்றி நிற்போர் செவிக்கு ஒரு சொல்லும் எட்டாது. ஆயினும் விலை பேசி முடிந்துவிடும். எத்தனை விரல் என்பதே கை சொல்லும் செய்தி. அது நூறா ஆயிரமா என்பது பேசுவோர் இருவருக்கும் முன்பே தெரியும்.

மறைத்துப் பேசும் வழக்கம் நம் மொழிக்குப் புதியதன்று. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு சொல்லை மாற்றி வழங்குவதைக் குழூஉக்குறி என்று நன்னூல் வகைப்படுத்துகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இதற்கு இலக்கண ஆசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஆயின் இங்கெல்லாம் மாறுவது சொல். சொல்லை விட்டுவிட்டு, எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதுவது வேறொரு கலை. வடமொழியாளர் அறுபத்து நான்கு கலைகளுள் ஒன்றாக ‘மிலேச்சித விகற்பம்’ என்பதை வைத்தனர். எழுத்துகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதும் ‘மூலதேவீயம்’ என்னும் முறையை உரையாசிரியர் யசோதரர் விளக்குகிறார். இவை மறைப்பதற்கான வழிகள். பிறர் மறைத்ததை, திறவுகோல் கையில் இல்லாமலே திறப்பது எப்படி என்று முறையாக ஆராய்ந்து எழுதியவர்களைத் தேடினால், நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழைய நூல் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பக்தாதைச் சேர்ந்தது.

முதலில் பூட்டு எத்தகையது என்று பார்ப்போம். தமிழின் பதினெட்டு மெய்களையும் க, ங, ச, ஞ என்ற வரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதிலாக அதற்கு அடுத்ததை எழுதுவதாகக் கொள்வோம். கடைசியில் நிற்கும் ன சுற்றிவந்து க ஆகட்டும். உயிர்க்குறிகளைத் தொட வேண்டாம். இப்போது ‘நாளை வருவேன்’ என்பது ‘பாறை ழலுழேக்’ என்று ஆகிவிடும். முதற்சொல் ‘பாறை’ என்று தற்செயலாக ஒரு நல்ல தமிழ்ச்சொல்லாகவே அமைந்து நம்மை ஏமாற்றுகிறது. இரண்டாவது சொல் அப்படியன்று. தமிழறிந்த கண் அதைப் பார்த்த மாத்திரத்தில் நின்றுவிடும். இது ஏன் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இவ்வாறு ஒரே சீராக நகர்த்துவது எளிய பூட்டு. பதினேழு முறை முயன்றால் எவரும் திறந்துவிடலாம். எந்த எழுத்துக்கு எது என்பதை மனம்போனபடி கலைத்து அமைத்தாலோ நிலைமை வேறு. அரபியின் 28 எழுத்துகளை அவ்வாறு கலைக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை, மூன்றுக்குப் பின்னால் இருபத்தொன்பது சுழியங்களை இட்டால் வரும் எண்ணுக்குச் சற்று மேல். ஒவ்வொன்றாக முயன்று பார்க்க மனித ஆயுள் போதாது. ஆகவே இதை எவராலும் திறக்க இயலாது என்றே அக்காலத்தார் நம்பியிருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவராக நூல்கள் குறிப்பிடும் ஒருவர் பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மத் அல்-ஃபராஹீதி. கி.பி. 718 அளவில் பிறந்தவர்; அரபி யாப்பிலக்கணத்தை வகுத்தவர். இன்று நம் பிள்ளைகள் மக்தபில் ஓதும்போது எழுத்தின் மேலும் கீழும் காணும் ஸபர், ஸேர், பேஷ் குறிகளை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவராகவும் அறியப்படுகிறார். ரோமானிய அரசரிடமிருந்து கிரேக்க மொழியில் வந்த ஒரு புதிர்க் கடிதம் அவரிடம் தரப்பட்டதாகவும், ஒரு மாதம் அதனோடு இருந்து அவர் பொருள் கண்டதாகவும் அறிஞர் வரலாறுகளில் ஒரு செய்தி உண்டு. எப்படி என்று கேட்டபோது, கடிதம் இறைவன் பெயரைக்கொண்டோ அதைப்போன்ற ஒன்றைக்கொண்டோதான் தொடங்கியிருக்கும் என்று கருதி, முதல் எழுத்துகளை அதைக்கொண்டு நிறுவினேன். மற்றவை தொடர்ந்து வந்தன என்ற கருத்துப்பட விடையளித்தாராம்.

எழுதுபவன் எதை எழுதாமல் இருக்கமாட்டான் என்று கேட்பதே அவருடைய வழி. எல்லாக் கடிதங்களுக்கும் ஒரு வழக்கமான தொடக்கம் உண்டு. அந்த வழக்கமே பூட்டின் முதல் பிளவு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் எனிக்மா இயந்திரத்தை உடைத்த பிரிட்டிஷ் அறிஞர்களும், நாள்தோறும் ஒரே வாய்பாட்டில் வரும் வானிலை அறிக்கைகளிலிருந்து இதே வகையில் பயன்பெற்றனர்.

கலீல் செய்த இன்னொரு வேலையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ‘கிதாபுல் அய்ன்’ என்னும் அகராதியில் அவர் சொற்களைத் திரட்டிய முறை வியப்புக்குரியது. வேர் எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாமோ அத்தனையையும் அடுக்கி, அவற்றுள் அரபியர் வழங்குபவை எவை, வழங்காதவை எவை என்று பிரித்தார். வழங்காதவற்றையும் கணக்கில் எடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மொழியில் எது வராது என்ற அறிவு, எது வரும் என்ற அறிவைப் போலவே மறையெழுத்தைத் திறக்கப் பயன்படும்.

திருக்குர்ஆனின் எழுத்துகளை எண்ணும் பணியும் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சொற்கள் 77,439 என்று அதா இப்னு யஸார் (ரஹ்) அவர்கள் வழியாக ஒரு கணக்கு உண்டு. எழுத்துகள் 3,21,180 என்று முஜாஹித் (ரஹ்) அவர்கள் வழியாகவும், 3,23,015 என்று வேறொருவர் வழியாகவும் வந்த கணக்குகளை இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரின் முன்னுரையில் பதிவுசெய்கிறார். ஷத்து பெற்ற எழுத்தை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா, ஓதப்பட்டும் எழுதப்படாத அலிஃபைச் சேர்ப்பதா என்பன போன்ற கேள்விகளுக்கு ஏற்ப எண்ணிக்கை வேறுபடுவது இயல்பே. இறைமறையில் ஓர் எழுத்தும் கூடவோ குறையவோ கூடாது என்ற பேணுதலிலிருந்து பிறந்த பழக்கம் இது. எழுத்தை எண்ணத்தக்க ஒரு பொருளாகப் பார்க்கும் கண் இப்படித்தான் அச்சமூகத்தில் பழகியது. (ஸூராக்களின் தொடக்கத்தில் வரும் அலிஃப், லாம், மீம் போன்ற தனியெழுத்துகளை மறையெழுத்தாகக் கருதி எண்கணக்கால் திறக்கப் புறப்படுவோர் இன்றும் உளர். மனிதன் மறைத்ததை மனிதன் திறக்கும் கலையைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். அவற்றின் பொருளை அல்லாஹ்வே நன்கறிவான் என்று நம் முன்னோரில் பலர் நிறுத்திக்கொண்ட இடத்தில் நிற்பதே நலம்.)

இத்தகைய சூழலில் வந்தவர் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி. கி.பி. 801 அளவில் கூஃபாவில் பிறந்தார். கலீஃபாக்கள் மஃமூன், முஃதஸிம் ஆகியோரின் ஆதரவில் பக்தாதில் வாழ்ந்து, 873 அளவில் மறைந்தார். தத்துவம், மருத்துவம், இசை, வானியல், ஒளியியல் என அவர் தொடாத துறை அரிது. இப்னுந் நதீம் தம் நூற்பட்டியலில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகளை அவர் பெயரில் தருகிறார். இந்தியர்களின் எண்முறையைப் பயன்படுத்துவது குறித்தும் அவர் எழுதியுள்ளார். முதவக்கில் காலத்தில் அரண்மனைப் பொறாமையால் அவருடைய நூலகமே பறிமுதல் செய்யப்பட்டுப் பின்னர்த் திரும்பக் கிடைத்தது என்பர்.

மறையெழுத்தை வெளிக்கொணர்தல் குறித்து அவர் எழுதிய சிறு நூல் ‘ரிஸாலா ஃபீ இஸ்திக்ராஜில் முஅம்மா’. ‘முஅம்மா’ என்னும் சொல் குருடு என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. கண்ணிழந்த எழுத்துக்குக் கண் கொடுப்பதே அந்நூலின் நோக்கம்.

அவர் வழி இதுதான். மறைக்கப்பட்ட செய்தி எந்த மொழியில் உள்ளது என்று தெரிந்தால், அதே மொழியில் வெளிப்படையாக எழுதப்பட்ட நீண்ட உரை ஒன்றை எடுத்துக்கொள்க. அதில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுக. மிகுதியாக வருவதை முதலாவது என்றும், அடுத்ததை இரண்டாவது என்றும் இறுதிவரை வரிசைப்படுத்துக. பின்னர் மறைக்கப்பட்ட செய்தியிலுள்ள குறிகளையும் அவ்வாறே எண்ணி வரிசைப்படுத்துக. முதலாவதற்கு முதலாவது, இரண்டாவதற்கு இரண்டாவது என்று பொருத்திப் பார்க்க. வேடம் மாறினாலும் நடை மாறாது; அலிஃபை வேறெந்தக் குறியால் எழுதினாலும் அது அலிஃபின் அளவுக்கே திரும்பத் திரும்ப வரும்.

அவர் கருத்தோடு நிற்கவில்லை. தாமே உட்கார்ந்து எண்ணினார். மூவாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட அரபி உரையில் அலிஃப் 600 முறை, லாம் 437 முறை, மீம் 320 முறை வந்ததைக் குறித்துள்ளார். பட்டியலின் அடியில் கிடக்கும் ழா எழுத்து பத்து முறைகூட வரவில்லை. அறுநூறும் ஒற்றை இலக்கமும் ஒரே பட்டியலில் நிற்கும்போது, முப்பது இலக்க எண்ணிக்கையிலான சேர்க்கைகள் என்ற அச்சம் பொருளற்றதாகிறது. கணக்கு எல்லா எழுத்துகளையும் காட்டித்தராது. அருகருகே நிற்கும் எண்ணிக்கைகள் குழப்பும். நான்கைந்து எழுத்துகளை அது உறுதிசெய்தால் போதும். எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேராது என்ற மொழியறிவும், பிஸ்மில்லாஹ் போன்ற வழக்கமான தொடக்கங்களும் மற்றதைச் செய்யும். இவ்விரண்டையும் அல்-கிந்தி தம் நூலில் சேர்த்தே சொல்கிறார்.

செய்தி மிகச் சிறியதாயின் கணக்கு பலிக்காது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அவருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், டமாஸ்கஸின் அல்-மலிக்குல் அஷ்ரஃபுக்காக நூல் எழுதிய இப்னு அத்லான் (1187–1268) இதற்கு ஓர் அளவே தந்தார். ஏறத்தாழத் தொண்ணூறு எழுத்துகளாவது இருக்க வேண்டும் என்றார். சொற்களுக்கு இடையே இடைவெளி விடாமல் எழுதிய மறையெழுத்தையும் அவர் ஆராய்ந்தார். 1412இல் நிறைவுற்ற அல்-கல்கஷந்தியின் பதினான்கு பாகப் பெருநூல் ‘ஸுப்ஹுல் அஃஷா’வில் அரசு எழுத்தர் கற்கவேண்டிய கலைகளுள் இதுவும் இடம்பெற்றது.

ஐரோப்பாவில் மிலான் அரசின் செயலர் சிக்கோ சிமொனெட்டா 1474இல் மறையெழுத்தைத் திறப்பதற்கான விதிகளை எழுதினார். அரபு நூல்கள் அவரை எட்டினவா என்பதற்குச் சான்று காட்ட இயலாத நிலையில், அனைத்தையும் அவர்கள் நம்மிடமிருந்தே எடுத்தார்கள் என்று மேடையில் முழங்குவது முறையன்று. அல்-கிந்தியின் பெருமைக்கு அந்த முழக்கம் தேவையுமில்லை. இக்கலை ஐரோப்பாவில் எத்துணை கனமான விளைவுகளைத் தந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1586இல் சிறையிலிருந்த ஸ்காட்லாந்து அரசி மேரி, தம் ஆதரவாளர் பாபிங்டனுடன் மறையெழுத்தில் கடிதம் எழுதினார். தாமஸ் ஃபெலிப்ஸ் என்பவர் அவற்றைத் திறந்து படித்துவிட்டார். 1587 பிப்ரவரியில் மேரியின் தலை வெட்டப்பட்டது. தம் பூட்டின்மீது அவர் கொண்ட நம்பிக்கை அவரைக் கூடுதலாக எழுதவைத்தது.

நம் நாட்டிலும் இம்முறை ஒரு பெரிய கதவைத் திறந்தது. அசோகர் காலத்துப் பிராமி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாதிருந்த நிலையில், கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் அதன் குறிகளை எண்ணிப் பட்டியலிட்டார். 1837இல் சாஞ்சியின் சிறு கல்வெட்டுகள் பல, ஒரே இரு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கோயில் கட்டடத்தில் தூணுக்குத் தூண் பொறிக்கப்பட்ட சிறு வாசகம் வேறெதைச் சொல்லும்? ‘தானம்’ என்றுதான் சொல்லும். கலீல் கடிதத்தின் தொடக்கத்தை ஊகித்தார். பிரின்செப் கல்வெட்டின் முடிவை ஊகித்தார். அந்த வாசல் திறந்த பின்னரே, நாமக்கல் மாவட்டத்துக்கு எதிரே காவிரியின் மறுகரையில் உள்ள புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகைகளில் தமிழ் பேசும் பிராமியையும், அதில் வரும் சேர மன்னர் பெயர்களையும் பிற்காலத்து அறிஞர்களால் படிக்க முடிந்தது.

இனி நம் ‘பாறை ழலுழேக்’கிற்குத் திரும்புவோம். தமிழில் ழகரத்தில் எச்சொல்லும் தொடங்காது. ககர ஒற்றில் எச்சொல்லும் முடியாது. எண்ணத் தொடங்கும் முன்னரே பூட்டு காட்டிக்கொடுத்துவிட்டது. ‘சந்தை’யை அதே முறையில் மறைத்தால் ‘ஞப்நை’ ஆகும். பகர ஒற்றின் பின் பகரமே வரும், நகரம் வராது. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும் என்றும், ர், ழ் இரண்டும் தம்மோடு மயங்கா என்றும் நம் இலக்கணம் விதிக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த மெய்ம்மயக்கம், முதலெழுத்து, ஈற்றெழுத்து விதிகள் அல்-கிந்தி அரபிக்குத் தொகுத்த கூடும், கூடாச் சேர்க்கைகளுக்கு நேரானவை. பிள்ளைகளுக்கு இலக்கணம் கசக்கிறது என்று வருந்தும் பெற்றோர், ஒரு விடுமுறை நாளில் பத்து வரியை இப்படி மறைத்துக் கொடுத்துப் பார்க்கலாம். (கைப்பேசிக் கடவுச்சொல்லைக் காக்க மட்டும் இம்முறையை நம்ப வேண்டாம், கணினிக்கு இது நொடிப்பொழுது வேலை.)

அல்-கிந்தியின் அந்நூலுக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். மறைந்ததைத் திறக்கக் கற்றுத்தந்த நூலே நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்தது. இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா நூலகத்துச் சுவடிகளிடையே இருந்த பிரதியை ஆராய்ந்து, டமாஸ்கஸ் அரபு மொழிக் கழகம் 1987இல்தான் அச்சில் வெளியிட்டது. பத்திரமாகத்தான் இருந்தது, படிப்பார் இல்லை.

இவ்விடத்தில் நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டு நினைவுக்கு வர வேண்டும். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில், பாட்டியோ அவர்தம் தாயாரோ ஓதிய பழைய கிதாபு ஒன்று துணியில் சுற்றிக் கிடக்கும். திறந்தால் அரபி எழுத்து. ஓதத் தெரிந்த பேரப்பிள்ளை இரண்டு வரி வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இது குர்ஆனும் இல்லை, நமக்குத் தெரிந்த துஆவும் இல்லை என்று மூடிவைப்பான். வீடு மாறும்போதோ வெள்ளையடிக்கும்போதோ, அரபி எழுதிய தாளை அவமதிக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், கிழிந்த முஸ்ஹஃப் ஏடுகளோடு சேர்த்து அதையும் மண்ணில் அடக்கிவிடுவர். அவற்றுள் பல அரபி நூல்களே அல்ல. அரபி எழுத்தில் எழுதிய தமிழ், அர்வி என்று வழங்கும் அரபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மஙானீ’ போன்ற ஃபிக்ஹு நூல்கள் அவ்வெழுத்தில்தான் வழங்கின. தமிழெழுத்து கற்கும் வாய்ப்பில்லாத பெண்மக்கள், ஓதக் கற்ற எழுத்தைக்கொண்டே தம் தாய்மொழியில் மார்க்கம் படித்தனர்.

அர்வி எவரிடமிருந்தும் எதையும் மறைக்க எழுந்ததன்று. ஆயினும் படிக்கும் தலைமுறை அற்றுப்போனதும், தெரிந்த மொழி தெரியாத குறிகளுக்குள் அடைபட்ட முஅம்மாவாக அது நம்முன் நிற்கிறது. உர்தூ பேசும் நம் அண்டை வீட்டாருக்கு இச்சிக்கல் இல்லை; அவர்கள் மொழியும் எழுத்தும் பிரியவில்லை. நமக்கோ பூட்டில் பாதிக்குமேல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அரபியின் 28 எழுத்துகள் மக்தப் சென்ற எவருக்கும் தெரியும். தெரியாதவை, தமிழின் ஒலிகளுக்காகப் புள்ளி சேர்த்து ஆக்கப்பட்ட பன்னிரண்டு அளவிலான எழுத்துகளும், எகர ஒகரங்களைக் காட்டும் சில குறிகளுமே. அச்சுப்பிழை என்றோ மைத்துளி என்றோ நாம் தாண்டிப்போகும் அந்தக் கீழ்ப்புள்ளிகளில்தான் தமிழ் இருக்கிறது.

அல்-கிந்தி சொன்ன வழியில் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்க்கலாம். பிஸ்மில்லாஹ்வும் ஹம்தும் ஸலவாத்தும் உள்ள தொடக்கம் அரபிதான். அதில் விளங்காதது ஒன்றுமில்லை. அதன்பின் வரிகள் மாறும். கீழ்ப்புள்ளி எழுத்துகள் தலைகாட்டத் தொடங்கும் இடத்தில் விரலை வைக்க வேண்டும். தமிழ் அங்கே தொடங்குகிறது. நூல் ஒளுவையும் தொழுகையையும் பற்றியது என்று தலைப்பிலுள்ள அரபிச் சொற்களே சொல்லிவிடும். மார்க்கச் சட்டம் சொல்லும் ஒரு பக்கம் எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க முடியாது? வாக்கியம் முடியும் இடங்களில், காஃபும் வாவும் வந்து, அடுத்து தால் எழுத்து அடியில் ஒரு புள்ளியோடு நின்று, அலிஃப் நீண்டு, தாவில் முடியும் ஒரு சொல் மூன்றாவது முறையாகவோ நான்காவது முறையாகவோ வரும்போது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘கூடாது.’ புள்ளியிட்ட தால் டகரம் என்று தெரிந்துவிட்டது. அதே எழுத்தை அடுத்த வரியில் தேடினால், அதன்முன் அடிப்புள்ளியிட்ட நூன் ஒன்று நிற்கும். டகரத்தின் முன் நிற்கும் மெல்லெழுத்து ணகரம் என்று மெய்ம்மயக்கம் சொல்கிறது, சொல் ‘வேண்டும்’.